குமுளிக் கடைக்கு எந்த நாட்டு வால்?

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறி வரும் தமிழ்நாட்டுப் பேருந்து, குமுளிக்கு வந்ததும் எல்லைக்கு இந்தப் பக்கமே பயணிகளை இறக்கிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு சில அடி நடந்தால் கேரளம். கடைப் பலகையின் எழுத்து மாறும், வண்டிகளின் நம்பர் பிளேட் மாறும். தரைவழித் தொலைபேசி கோலோச்சிய காலத்தில் கூடலூரும் கம்பமும் 04554. கூப்பிடு தூரத்தில் இருக்கும் குமுளிக்கு 04869.

இணையத்துக்கு மட்டும் இந்த எல்லை தெரியாது. இடுக்கி மாவட்ட நிர்வாகத்தின் தளமும் தேனி மாவட்ட நிர்வாகத்தின் தளமும் ஒரே மாதிரி ‘என்ஐசி டாட் இன்’ என்றுதான் முடிகின்றன. அங்கே எல்லைக்கோடு நாட்டுக்கு நாடுதான். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பதைக் கடைக்காரர் தன் இணையப் பெயரை எழுதும்போதே முடிவு செய்துவிடுகிறார், பெரும்பாலும் தனக்கே தெரியாமல்.

தேக்கடி சாலையில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றோடு ஹோம்ஸ்டே, ஜீப் சவாரி, ஆயுர்வேத மசாஜ், வீட்டுச் சாக்லேட். எல்லோருக்கும் இணையத்தில் ஒரு முகவரி வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் மதுரையில் இருக்கலாம், எர்ணாகுளத்தில் இருக்கலாம், துபாயிலும் இருக்கலாம். கடைக்குப் பெயர் வைக்க நாள் நட்சத்திரம் பார்ப்பவர்கள்கூட, இணையப் பெயரின் வாலை வெப்சைட் செய்துதரும் பையனிடம் விட்டுவிடுகிறார்கள். “டாட் காம் கிடைக்கலை சார், டாட் சிஓ இருக்கு, போட்டுடவா?” என்று அவர் கேட்பார். இவரும் தலையாட்டிவிடுவார்.

டாட் சிஓ என்பது கொலம்பியா.

இணையப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து வந்தால் அது ஏதோ ஒரு நாட்டுக்கு அல்லது ஆட்சிப்பகுதிக்கு உரியது. ஐஎஸ்ஓ 3166 என்ற பன்னாட்டுப் பட்டியலிலிருந்து வந்த எழுத்துகள் அவை. டாட் இன் இந்தியா, டாட் எல்கே இலங்கை, டாட் எஸ்ஜி சிங்கப்பூர். தொலைக்காட்சி என்று நினைத்து வாங்கப்படும் டாட் டிவி, பசிபிக் கடலின் துவாலு தீவு நாட்டுடையது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அடித்துப் பிடித்து வாங்கும் டாட் ஏஐ, கரீபியனில் உள்ள ஆங்குவில்லாவுடையது. டாட் எம்இ மாண்டினீக்ரோ. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வாலை வாங்கும்போது அந்த நாட்டின் விதிகளையும் சேர்த்தே வாங்குகிறோம். அந்த விதிகளைப் பதிவுக்கு முன் ஒருவரும் படிப்பதில்லை.

படிக்காமல் வாங்கியவர்கள் பட்ட பாடு உலகம் அறிந்தது. நீண்ட இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் ஒரு சிறிய சேவை, டாட் எல்ஒய் என்ற லிபிய வாலோடு நடந்துவந்தது. நடத்தியவர்கள் லிபியர்கள் அல்ல. தளத்தில் இருப்பவை லிபியாவின் சட்டத்துக்கும் சமய ஒழுக்கத்துக்கும் ஒவ்வாதவை என்று சொல்லி 2010-ல் அந்நாட்டுப் பதிவகம் பெயரைப் பறித்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் டாட் ஏஎஃப் வால் வைத்திருந்த ஒரு சமூக வலைத்தளத்தின் பெயரை ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு முடக்கியது. இவையாவது கெடுபிடியான ஆட்சிகள் என்று சமாதானம் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் இயு விஷயத்தில் அப்படிக்கூடச் சொல்ல முடியாது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், பிரிட்டனில் வாழ்பவர்களில் ஒன்றிய நாடுகளின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த வாலின் மேல் இருந்த உரிமையும் போயிற்று. 2021 ஜனவரியில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரேயடியாக நிறுத்திவைக்கப்பட்டன. அந்தப் பெயர்களை வைத்திருந்தவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

சரி, டாட் காம் எந்த நாட்டுடையதும் இல்லையே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம். ஆனால் டாட் காம் பதிவகத்தை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். 2012 பிப்ரவரியில் போடாக் என்ற சூதாட்ட நிறுவனத்தின் டாட் காம் பெயரை அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றியபோது, அந்தப் பெயர் பதிவாகியிருந்தது ஒரு கனடா நிறுவனத்திடம். வெரிசைன் அமெரிக்காவில் இருப்பதால் அமெரிக்க உத்தரவே போதுமானதாக இருந்தது. ஏலக்காய்க் கடைக்கு அந்த அளவுக்கு ஆபத்து வரப்போவதில்லைதான். ஆனாலும் நாடில்லாத வால் என்று ஒன்று இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

குமுளியில் கடை, இந்தியாவில் வாடிக்கையாளர், ரூபாயில் வியாபாரம் என்றால் டாட் இன்தான் பொருத்தம். தகராறு வந்தால் இந்தியச் சட்டம், இந்திய நடுவர், இந்திய நீதிமன்றம். அந்த வசதி சாதாரணமானதல்ல.

டாட் இன் 1989-லேயே இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பதினைந்து ஆண்டுக்கும் மேலாக அது அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சில ஆயிரம் கம்பெனிகளுக்கும் மட்டுமே பயன்பட்டது. பெயர் வாங்க விண்ணப்பம், சான்றுகள், காத்திருப்பு என்று இழுத்தடித்ததால், இந்தியக் கம்பெனிகளே டாட் காம் பக்கம் ஓடின. 2003-ல் லாப நோக்கற்ற நிறுவனமாகத் தொடங்கப்பட்ட நிக்ஸி என்ற இந்திய இணைய இணைப்பகத்திடம் பதிவகப் பொறுப்பு வந்தது. 2005 ஜனவரியில் வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்று முதல் முந்தியவருக்கே பெயர். இந்தியாவில் முகவரி வேண்டும் என்ற கட்டாயம்கூட டாட் இன்னுக்குக் கிடையாது.

எல்லா நாடுகளும் இப்படித் தாராளமாக இல்லை. சிங்கப்பூரில் மசாலா விற்க நினைக்கும் குமுளி ஏற்றுமதியாளர் டாட் எஸ்ஜி வேண்டுமென்றால், அங்கே முகவரி உள்ள ஒருவரை நிர்வாகத் தொடர்பாளராகக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் டாட் யுஎஸ், அந்த நாட்டோடு ஏதாவதொரு தொடர்பு உள்ளவருக்குத்தான். பொய்யான முகவரியைக் கொடுத்து வாங்கலாம். ஒருநாள் சரிபார்ப்பு வரும்போது பெயர் கைவிட்டுப் போகும். அதற்குள் அச்சடித்த பாக்கெட்டுகள் குப்பைக்குப் போகும்.

டாட் இன்னுக்குள்ளும் கிளைகள் உண்டு. கோ டாட் இன், நெட் டாட் இன், ஆர்க் டாட் இன் போன்றவை யாருக்கும் கிடைக்கும். ஏசி டாட் இன், ஈடியு டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அரசுக்கு மட்டுமே உரியது ஜிஓவி டாட் இன். வங்கிகள் எல்லாம் பேங்க் டாட் இன்னுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31-ஐக் கடைசி நாளாக வைத்தது. ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அந்தப் பெயர்களைப் பதிவு செய்கிறது. வாலைப் பார்த்தே இது வங்கிதான் என்று வாடிக்கையாளர் நம்பலாம் என்பது ஏற்பாடு.

அரசு அமைப்புகளே இந்தப் பாடத்தை முழுதாகப் படிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஏலக்காய் வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் ஸ்பைசஸ் போர்டின் தளம் நெடுங்காலமாக ஒரு டாட் காம். கேரளச் சுற்றுலாத் துறை டாட் ஆர்க். தேனி, கம்பம், குமுளி வழியாக மாலை போட்டுப் போகிற தமிழ்நாட்டுப் பக்தர்கள் முன்பதிவு செய்யும் சபரிமலைத் தளமும் டாட் ஆர்க். டாட் ஆர்க்கை உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எது உண்மையான தளம், எது கமிஷன் தளம் என்று சுற்றுலாப் பயணி வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வாலின் அருமையை மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் முதலில் தாங்கள் மாறியிருக்கலாம்.

வாலுக்கு அடுத்தது பெயர். இதில்தான் குமுளிக்காரர்களுக்குத் தனித் தலைவலி. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது? மலையாள உச்சரிப்புப்படி கடைசி எழுத்து ஒய் வரும், நடுவில் ஐ வரும். தமிழ் உச்சரிப்புப்படி எழுதுபவர் நடுவில் யு போடுவார், கடைசியில் ஐ போடுவார். தேக்கடிக்கும் இதே கதை. ஏலக்காய்க்குத் தமிழர் ஒரு மாதிரி, மலையாளி ஒரு மாதிரி, வடநாட்டார் இலாய்ச்சி. ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் சேர்ந்தால் தேடுவோர் கண்ணில் எளிதில் படும் என்று நினைத்து எல்லோரும் அப்படியே பதிவு செய்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஓர் எழுத்தை மாற்றி அதே பெயரை வாங்கினால் என்ன செய்ய முடியும்?

அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. பழைய சாமான் வியாபாரத்துக்காக ஒருவர் கபாடிபஜார் என்று டாட் காம் வாங்கினார். போட்டியாளர் நடுவில் ஒரே எழுத்தை மாற்றி கபாரிபஜார் என்று வாங்கினார். வழக்கு 2002-ல் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. கபாடியும் பஜாரும் ஊரார் எல்லோரும் புழங்கும் சொற்கள், ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று சொல்லி, நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்துவிட்டது. குமுளியும் ஏலக்காயும் அதே ரகம்.

இதற்கு நேர் எதிரான கதை ஒரு சென்னை நிறுவனத்துடையது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் இரண்டு சொற்களிலிருந்தும் துண்டெடுத்து ‘சிஃபி’ என்ற பெயரை உருவாக்கி 1999 முதல் இணையப் பெயர்களைப் பதிவு செய்துவந்தது. பின்னால் வந்த ஒரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓர் எஃப் கூடுதலாகப் போட்டு சிஃபிநெட் என்று தொடங்கியது. பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை போட்டது; கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சத்யத்தின் பக்கம் நின்றது. இணையப் பெயர் வெறும் முகவரி மட்டுமல்ல, வணிகச் சின்னத்தின் குணங்கள் அதற்கும் உண்டு, பிறர் பெயரில் சரக்கை விற்று ஏமாற்றுவதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். இணையப் பெயர்த் தகராறு எது வந்தாலும் வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

அகராதியில் இல்லாத பெயருக்குச் சட்டம் துணை நிற்கும். ஊர்ப் பெயரும் சரக்குப் பெயரும் மட்டும் சேர்ந்த பெயருக்கு நிற்காது. தாத்தா பெயரோ, தோட்டத்தின் பெயரோ, இரண்டு பிள்ளைகளின் பெயரைக் கலந்த ஒரு பெயரோ எதுவானாலும் சரி. சொந்தமான ஒரு பெயரைப் பிடித்து, வேண்டுமானால் ஊர்ப் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். எழுத்து மாறும் வாய்ப்பிருந்தால் இரண்டு மூன்று வடிவங்களையும் சேர்த்தே வாங்கிவிடுவது, பின்னால் வக்கீலுக்குக் கொடுப்பதைவிட மலிவு.

பெயர் காலியாக இருக்கிறது என்பதும் சட்டப்படி சரியானது என்பதும் ஒன்றல்ல. பதிவு செய்யும் கணினி யாருடைய சின்னம், யாருடைய உரிமை என்றெல்லாம் பார்க்காது. இடம் காலியா என்று மட்டும் பார்க்கும். பொறுப்பு முழுக்கப் பதிவு செய்பவர் தலையில். எனவே பணம் கட்டுவதற்கு முன் மத்திய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் அந்தப் பெயரை இலவசமாகத் தேடிப் பார்த்துவிட வேண்டும். இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய்க்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ‘ஆலெப்பி பச்சை ஏலக்காய்’ புவிசார் குறியீடு பெற்ற பெயர். ‘மலபார் மிளகு’ அதுபோலவே. குவாத்தமாலாவிலிருந்து வந்த காயை இந்தப் பெயர் தாங்கிய தளத்தில் விற்றால், 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி சிறை வரைக்கும் போகலாம். அரசு நிறுவனம் போலத் தோன்றும் பெயர்களுக்கு 1950-லிருந்தே சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம் காத்திருக்கிறது.

பெரிய கம்பெனிக்குத் தேவைப்படும் பெயரை முன்கூட்டியே வாங்கி வைத்துக் காசு பார்க்கலாம் என்ற ஆசை இளைஞர்களிடம் உண்டு. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் சேரும் என்று ஊகித்து, தில்லி இளைஞர் ஒருவர் 2023-ல் இரண்டையும் ஒட்டிய டாட் காம் பெயரைப் பதிவு செய்தார். 2024 அக்டோபரில், கேம்பிரிட்ஜில் தான் படிக்கப் பணம் கொடுத்தால் பெயரைத் தருகிறேன் என்று அந்தத் தளத்திலேயே கடிதம் போட்டார். நாடே பேசியது. கேட்ட பணத்தைக் கம்பெனி தரவில்லை. பிறரின் சின்னத்தை விலை பேசுவதற்காக வாங்குவதைச் சட்டம் கெட்ட எண்ணம் என்றே பார்க்கும்.

டாட் இன் பெயருக்குத் தகராறு வந்தால் ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது. புகார் கொடுப்பவர் மூன்றைக் காட்ட வேண்டும்: பெயர் தன் சின்னத்தோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அது கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்யப்பட்டது அல்லது பயன்படுத்தப்படுகிறது. இந்த ‘அல்லது’ முக்கியமானது. டாட் காமுக்கான பன்னாட்டு முறையில் பதிவும் பயன்பாடும் இரண்டுமே கெட்ட எண்ணத்தோடு நடந்ததாகக் காட்ட வேண்டும். அங்கே ஜெனீவாவில் உள்ள வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒற்றை நடுவருக்கே 1,500 டாலர் கட்டணம். டாட் இன்னில் 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி இந்திய நடுவர் ஒருவர் விசாரித்து, பெயரை ரத்து செய்யவோ உரியவருக்கு மாற்றவோ உத்தரவிடுவார். சிறு வியாபாரிக்கு இரண்டில் எது தோது என்று சொல்லத் தேவையில்லை.

பதிவு செய்வது மிகவும் எளிது. தப்பு நடப்பதும் அங்கேதான். நிக்ஸி நேரடியாகப் பெயர் விற்பதில்லை. அது அங்கீகரித்த பதிவு நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றின் பட்டியல் பதிவகத்தின் தளத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்து, எண், நடுவில் இணைப்புக்குறி ஆகியவற்றைக் கொண்டு 63 குறிகள் வரை பெயர் வைக்கலாம். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதிவு செய்யலாம். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இணையப் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கடை பிடிப்பது போல வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். வாடகை நின்றால் கடை அடுத்தவருக்கு.

அந்த வாடகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மலைப்பகுதிகளில் ஹோம்ஸ்டே நடத்தும் பலருக்கு வெப்சைட் செய்துதந்தவரே பெயரையும் தன் மின்னஞ்சலில், தன் கைபேசி எண்ணில் பதிவு செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பதிவகத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர். அவர் ஊரை விட்டுப் போனாலோ, இருவருக்கும் மனக்கசப்பு வந்தாலோ, பத்தாண்டாகப் பலகையில் எழுதி வைத்த முகவரி அவரோடு போகும். டாட் இன்னில் உரிமையாளர் விவரத்தை மறைக்கும் ‘பிரைவசி’ சேவைக்கு அனுமதி இல்லை. பதிவுக்குப் பின் கேஒய்சி சரிபார்ப்பும் கேட்கிறார்கள். எனவே பொய் விவரம் எழுதக் கூடாது, பிறர் விவரமும் எழுதக் கூடாது. கடை முதலாளியின் பெயர், ஜிஎஸ்டி சான்றில் உள்ள முகவரி, அவர் தினமும் பார்க்கும் மின்னஞ்சல் ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். பெயரை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவைப்படும் ஆத் கோடும், கணக்கின் பாஸ்வேர்டும் முதலாளியிடமே இருக்கட்டும்.

புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்? பதிவு நிறுவனம் சில வாரம் பொறுக்கும். பிறகு அபராதத்தோடு மீட்க 30 நாள் கிடைக்கும். அதுவும் போனால் பெயர் சந்தைக்கு வரும். பெரியவர்களும் பெயரைக் கைநழுவ விட்டிருக்கிறார்கள். 2003-ல் மைக்ரோசாஃப்ட் தன் ஹாட்மெயிலின் பிரிட்டன் முகவரியைப் புதுப்பிக்கத் தவறியது, வேறொருவர் வாங்கிவிட்டார். 2021 ஏப்ரலில் கூகுளின் அர்ஜென்டினா முகவரியை அந்நாட்டு இளைஞர் ஒருவர் 270 பெசோவுக்கு, அதாவது சுமார் 200 ரூபாய்க்கு, முறைப்படியே வாங்கினார். சில மணி நேரத்தில் கூகுளுக்கு அது திரும்பிவிட்டது. குமுளிக் கடைக்காரருக்கு அப்படி யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா? தாராளமாக. இலங்கைக்கு ‘.இலங்கை’, சிங்கப்பூருக்கு ‘.சிங்கப்பூர்’, இந்தியாவுக்கு ‘.இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டு வால்கள் இருக்கின்றன. மலையாள எழுத்தில் ‘பாரதம்’ என்ற வாலும் உண்டு. இரண்டு மொழியும் புழங்கும் குமுளியில் இரண்டு பலகை வைக்கிறவர்கள், இணையத்திலும் இரண்டு வாசல் வைக்கலாம். ஆனால் பல தளங்களின் படிவங்கள் தமிழ் முகவரியை இன்னும் ஏற்பதில்லை. தமிழ் மின்னஞ்சல் என்றால் திணறுகின்றன. ஆகவே தமிழ்ப் பெயரை வாங்கி, அதைத் தட்டினால் டாட் இன் தளம் திறக்கும்படி அமைத்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்தது.

பெயர் வாங்கியதோடு சட்டம் முடிவதில்லை. உணவுப் பொருள் விற்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ உரிமமோ வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலர் விவரம் எல்லாம் தளத்தில் தெரிய வேண்டும்.

ஏற்கெனவே டாட் இன் முகவரி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யலாம். நிக்ஸி பதிவகத்தின் தளத்தில் ‘ஹூஇஸ்’ தேடல் இருக்கிறது, கட்டணம் இல்லை. அதில் உங்கள் பெயரைப் போட்டால் எந்த நிறுவனத்திடம் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று தெரிந்துவிடும். உரிமையாளர் விவரம் அங்கே தெரியாவிட்டால், அந்தப் பதிவு நிறுவனத்தின் கணக்கைத் திறந்து பாருங்கள். கணக்கு உங்கள் கையில் இல்லை என்றால், வெப்சைட் செய்துதந்தவர் இன்னும் போனை எடுக்கும் காலத்திலேயே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.